கோடைப் பயிற்சி வகுப்பு: சேர்ப்பதற்கு முன்

மார்ச் மாதக் கடைசியில் தெரபி மையங்களின் சுவர்களில் அறிவிப்புகள் ஏறத் தொடங்கும். 'சோஷியல் ஸ்கில்ஸ் சம்மர் கேம்ப்', வயது 4 முதல் 12 வரை, காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை. வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளையின் பெற்றோர் அந்த அறிவிப்பின் முன் நிற்கும்போது மனதில் இரண்டு எண்ணம் ஓடும். இவனுக்கு ஒரு கூட்டாளியாவது கிடைப்பானா என்ற ஆசை ஒன்று. பள்ளி மூடியிருக்கும் இந்த வாரங்களை வீட்டில் எப்படி ஓட்டுவது என்ற கவலை இன்னொன்று. இரண்டும் நியாயமானவை. ஆனால் ஒரே வகுப்பு இரண்டையும் தீர்த்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமென்றால் அதை நேராகவே தேடுங்கள். அதற்காக வருந்த வேண்டியதில்லை. பழகக் கற்றுக்கொடுக்கும் வகுப்பைத் தேர்ந்தெடுப்பது வேறு வேலை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

எந்த வகுப்பைப் பார்த்தாலும் ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: ஜூனில் பள்ளி திறந்த பிறகு என் பிள்ளை யாரோடு, எந்த இடத்தில், எதைப் புதிதாகச் செய்யப்போகிறான்? மையத்தின் குளிரூட்டிய அறையில் தெரபிஸ்டைப் பார்த்து 'குட் மார்னிங்' சொல்லப் பழகிய பிள்ளை, தெருவில் பக்கத்து வீட்டு அத்தை கூப்பிட்டால் திரும்பாமல் போவது மிகச் சாதாரணமாக நடக்கும். ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் கடினமான வேலை. அந்த வேலைக்கு இடம் வைக்காத வகுப்பு எவ்வளவு அழகாக நடந்தாலும் மே மாதத்தோடு முடிந்துவிடும்.

முதலில் பிள்ளையின் விளையாட்டைப் பாருங்கள்

வகுப்பு தேடப் புறப்படும் முன் ஒரு வாரம் பிள்ளை விளையாடுவதைக் கவனியுங்கள். திருத்தாமல், சொல்லிக்கொடுக்காமல், பார்க்க மட்டும் செய்யுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் சிறு குழந்தைகளின் விளையாட்டில் படிகள் இருப்பதை விவரித்தார். தனியாக ஆடுவது, மற்றவர் ஆடுவதை நின்று பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து தன் பொருளோடு தான் ஆடுவது, பொருளைக் கொடுத்து வாங்கி ஆடுவது, கடைசியாக ஆளுக்கொரு பங்கோடு கூட்டாக ஆடுவது. எல்லாப் பிள்ளையும் இதே வரிசையில்தான் போகும் என்பதில்லை. என்றாலும் நம் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

எட்டு வயதுப் பையன் ஒருவன், மொட்டை மாடியில் மற்றவர்கள் கிரிக்கெட் ஆடும்போது சுவரோரம் நின்றுகொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 'எதுலயும் சேரவே மாட்டேங்கறான்' என்று வீட்டில் சொல்வார்கள். அவனோ யார் பந்து போடுகிறார்கள், யார் அவுட் ஆனார்கள், யார் கத்துகிறார்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அடுத்த படி, அதே மாடியில் தன் பந்தை எடுத்து ஓர் ஓரமாக உருட்டிக்கொண்டிருப்பது. அதற்கு அடுத்தது, எல்லை தாண்டி வரும் பந்தைப் பொறுக்கி எறிவது. முதல் நாளே இரண்டு அணியாகப் பிரித்து ஆட வைக்கும் வகுப்பு இந்த இரண்டு படியையும் தாண்டிக் குதிக்கச் சொல்கிறது. அவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினால் அது அடம் இல்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு அந்தச் செயல் தெரியவில்லையா, அல்லது தெரிந்தும் அந்த இடத்தில் செய்ய முடியவில்லையா? உளவியலாளர் ஃப்ராங்க் கிரெஷாம் இந்த வேறுபாட்டை வலியுறுத்தியவர். வீட்டில் தங்கையிடம் 'எனக்குக் குடு' என்று கேட்கத் தெரிந்தவன் வகுப்பறையில் வாய் திறக்காமல் இருந்தால், அவனுக்குக் 'கேட்பது எப்படி' என்று மறுபடி பாடம் நடத்திப் பயனில்லை. சத்தமோ, பயமோ, கூட்டமோ தடுக்கிறது. அதைக் குறைக்கும் இடம்தான் அவனுக்குத் தேவை.

இவ்வளவு பார்த்த பிறகு ஒரு தாளில் ஓர் ஆசையை மட்டும் எழுதுங்கள். அதிகம் போனால் இரண்டு. 'எல்லாரோடும் நல்லாப் பழகணும்' என்று எழுதினால் அதை யாராலும் கற்றுத்தர முடியாது, வந்ததா வரவில்லையா என்று சொல்லவும் முடியாது. 'இரண்டு பேர் ஆடி முடிக்கும்வரை தன் முறைக்குக் காத்திருப்பான்' என்று எழுதலாம். 'வேண்டிய பொருளைப் பறிக்காமல் கை நீட்டிக் கேட்பாள்' என்று எழுதலாம். என்னைக் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலில் எழுத வேண்டியது 'பிடிக்காததை வேண்டாம் என்று சொல்வாள்' என்பது. வாயால் சொன்னாலும் சரி, கையால் தள்ளிக் காட்டினாலும் சரி, படத்தைச் சுட்டினாலும் சரி. சொன்னபடி உட்கார், சொன்னபடி கை குலுக்கு என்று பணியப் பழக்குவதையே சமூகத் திறன் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மறுக்கத் தெரியாத பிள்ளையைப் பள்ளி வேனிலும் கழிவறையிலும் யார் வேண்டுமானாலும் எதையும் செய்துவிடலாம். அந்த நினைப்பு பெற்றோருக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு வேறு

'சோஷியல் ஸ்கில்ஸ்' என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வகை நடக்கிறது. தெரபி மையம் தன்னிடம் வரும் பிள்ளைகளில் நாலைந்து பேரைச் சேர்த்து நடத்தும் குழு வகுப்பு ஒன்று. சிறப்புப் பள்ளியோ தொண்டு நிறுவனமோ பாட்டு, ஓவியம், தோட்டம், சமையல் என்று நடத்தும் கோடை முகாம் இரண்டாவது. மூன்றாவது, எல்லாக் குழந்தைகளும் வரும் சாதாரண முகாமில் ஓர் உதவியாளோடு நம் பிள்ளையையும் சேர்ப்பது.

தெரபி மையத்துக் குழுவில் பயிற்சி நுணுக்கமாக இருக்கும். ஆனால் உடன் இருப்பவர்கள் எல்லாருமே பேச்சிலும் பழக்கத்திலும் தடுமாறும் பிள்ளைகளாக இருப்பார்கள் என்பதால், கேட்டால் பதில் வரும் என்ற அனுபவமே சிலருக்குக் கிடைக்காமல் போகலாம். சாதாரண முகாமில் பதில் தரும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். 'இவன் கேட்டதுக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுக்கும், காத்திரு. பொம்மையை நீட்டினா விளையாடக் கூப்பிடறான்னு அர்த்தம்.' கூட இருக்கும் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிப் பழக்கும் முறைக்கு ஆய்வுகளில் நல்ல ஆதரவு இருக்கிறது. ஆட்டிசம் உடையவரும் பிரிட்டிஷ் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012இல் எழுதியதும் இதற்கு நெருக்கமானது: புரிந்துகொள்ளாமை ஒரு பக்கத்துக் குறை அல்ல, இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள். ஆகவே மூன்றாவது வகை முகாமை விசாரிக்கும்போது மற்றப் பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். 'எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவோம்' என்பது நல்ல மனதோடு சொன்ன பதிலாக இருக்கும். ஆனால் அது போதாது.

கால அளவிலும் ஏமாறக் கூடாது. கலிஃபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகசன் உருவாக்கிய 'பியர்ஸ்' பயிற்சி இத்துறையில் நன்கு ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. பேச்சுத்திறன் உள்ள வளரிளம் பருவத்தினருக்கானது. வாரம் ஒரு வகுப்பாகப் பதினான்கு வாரம் நடக்கும். பிள்ளைகள் ஓர் அறையில் படிக்கும்போது பெற்றோர் இன்னோர் அறையில் அதே பாடத்தைப் படிப்பார்கள், வாரம் முழுக்க வீட்டில் அதைச் செய்ய வைப்பார்கள். உங்கள் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தப் பாடம் பொருந்தாது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெற்றோருக்கான அந்த இரண்டாவது அறையைத்தான். 'பத்து நாளில் தன்னம்பிக்கை' என்று பெற்றோரை வாசலோடு அனுப்பிவிடும் முகாமையும், வாரத்துக்கு ஒரு முறை பெற்றோரை உட்காரவைத்து வீட்டில் செய்ய வேண்டியதைக் காட்டும் வகுப்பையும் ஒப்பிட்டால், இரண்டாவது சிறியதாக, சுவரில் வண்ணமில்லாமல் இருந்தாலும் அதையே எடுங்கள். ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம், மிட்பிரைன் ஆக்டிவேஷன் செய்கிறோம் என்று சொல்லும் இடத்தில் காலணியைக் கழற்றவே வேண்டாம்.

நேரில் போய் என்ன பார்ப்பது

சேர்க்கும் முன் ஒரு வகுப்பு நடப்பதைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மற்றப் பிள்ளைகளின் அந்தரங்கம் கருதி உள்ளே விட மறுத்தால் அதில் நியாயம் உண்டு. அப்படியானால் காலி அறையைக் காட்டச் சொல்லுங்கள், நடத்துபவரோடு அரை மணி நேரம் பேசுங்கள். மேலாளரோடு பேசியது போதாது. தினமும் பிள்ளையின் கையைப் பிடிக்கப்போகிறவர் யாரோ அவரோடு பேச வேண்டும்.

உள்ளே விட்டால், ஆசிரியர் கற்றுக்கொடுக்கும் நேரத்தைவிடக் கற்றுக்கொடுக்காத நேரத்தைக் கவனியுங்கள். செருப்பு மாட்டும்போது, ஸ்நாக்ஸ் டப்பா திறக்கும்போது, ஒரு விளையாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? மூடி திறக்கத் தவிக்கும் பிள்ளைக்கு ஓர் அக்கா உடனே திறந்து கொடுத்துவிடுகிறாரா, அல்லது பக்கத்துப் பிள்ளையைக் காட்டி 'அவன்கிட்ட கேளு' என்கிறாரா? பழகக் கற்பதற்கான வாய்ப்பு அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. நல்ல மையத்தில் அது வீணாவதில்லை.

பெரியவர்கள் பிள்ளையைப் பற்றி அவன் காதுபடப் பேசுகிறார்களா? 'இவன் ரொம்ப வயலென்ட், அவள் பேசவே மாட்டாள்' என்ற பேச்சு உள்ளே போன முதல் ஐந்து நிமிடத்தில் காதில் விழுந்தால் எனக்கு அந்த இடத்தைப் பற்றி வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. பேச்சு வராத பிள்ளைகள் படத்தாலோ டேப்லெட்டாலோ சொல்வதற்கு வழி வைத்திருக்கிறார்களா? அன்று என்னென்ன நடக்கும் என்று படமாகச் சுவரில் இருக்கிறதா? களைத்த பிள்ளை தானே போய் உட்கார ஓர் அமைதியான மூலை உண்டா, அது தண்டனைக்கான மூலையாக இல்லாமல் இருக்கிறதா?

'என் பிள்ளை தரையில் படுத்து அழுதால் என்ன செய்வீர்கள்?' இந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள். 'கண்டுக்காம விட்டுடுவோம், தானா சரியாயிடும்' என்றாலும், 'எங்க மிஸ் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட், ரெண்டு நாள்ல சரி பண்ணிடுவாங்க' என்றாலும் யோசியுங்கள். 'அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்ப்போம், மற்றவர்களை நகர்த்திவிட்டுச் சத்தத்தைக் குறைப்போம், அடங்கியதும் பேசுவோம், அன்றே உங்களுக்குச் சொல்வோம்' என்று ஒருவர் சொன்னால் அவர் இதைக் கையாண்டவர். அழுத்திப் பிடிப்பது, அறையில் பூட்டுவது, சாப்பாட்டை நிறுத்துவது எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சேர்க்கைப் படிவத்தில் அதை எழுதியே கொடுங்கள்.

மொழியைப் பற்றி நம் ஊரில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் பல மையங்களில் குழு வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. 'வெயிட்', 'மை டர்ன்', 'ஷேர்' என்று கற்ற பிள்ளை, தெருவில் 'இரு, நான் ஆடிக்கறேன்' என்று ஒரு பையன் சொன்னால் புரியாமல் நிற்கிறான். வீட்டில், தெருவில், பாட்டியோடு எந்த மொழியோ அந்த மொழியில் பழகக் கற்பதே நியாயம். பள்ளி ஆங்கில வழியாக இருந்தால் இரண்டு மூன்று சொற்களை இரண்டு மொழியிலும் சொல்லித்தரச் சொல்லுங்கள். தாய்மொழி பேசினால் பேச்சு தாமதமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதேபோலக் கண்ணைப் பார்த்துப் பேச வைக்கும் பயிற்சி. முகவாயைப் பிடித்துத் திருப்பி 'என்னைப் பார்' என்று சொல்லும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே வேதனை தருவது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நாம் சொல்வதைக் கேட்கும் பிள்ளைகள் பலர்.

எண்ணிக்கையில் என் கணக்கு இது: தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு ஆறு பேருக்கு இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும், ஓடிவிடும் பழக்கமுள்ள பிள்ளை ஒன்று இருந்தால் மூன்றாவது ஆள். குழுவை வயதை மட்டும் வைத்துச் சேர்க்கக் கூடாது, விளையாட்டின் படியும் பேச்சும் ஒத்துவர வேண்டும். அதற்காகப் பத்து வயதுப் பிள்ளையை மூன்று வயதுக் குழந்தைகளோடு உட்காரவைப்பதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அவமரியாதை.

யாரிடம் விசாரிப்பது

நடத்துபவரின் தகுதியைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது அது. பதிவெண்ணைக் கேட்டால் நேர்மையானவர்கள் தயங்காமல் தருவார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்றால் அந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருக்கிறாரா என்று கேளுங்கள். சில வாரச் சான்றிதழோடு அன்பாக வேலை செய்யும் உதவியாளர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு மேலே திட்டம் போடும் ஒருவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும்.

ஊரில் எது நல்லது என்று தெரியாவிட்டால் முதலில் அரசு இடங்களில் கேளுங்கள். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் 18 வயது வரையுள்ளவர்களைப் பார்க்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளை அவர்களுக்குத்தான் நேரில் தெரியும். சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனமும், கோட்டூர்புரத்தில் 1985இல் தொடங்கிய வித்யாசாகரும், தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையமும் இருக்கின்றன. தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். அங்கே கோடை வகுப்பு நடக்கிறதோ இல்லையோ, யாரிடம் போகலாம் என்று கேட்கத் தகுந்த இடங்கள் இவை. அங்கே காத்திருக்கும் மற்றப் பெற்றோரிடமும் பேசுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபி செலவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. குழு வகுப்பின் ரசீது அதற்குச் செல்லுமா என்று கட்டணம் கட்டும் முன்பே கேளுங்கள். முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கேட்டால் ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டிப் பார்க்க முடியுமா என்று பேசுங்கள். கடன் வாங்கிச் சேர்க்க வேண்டிய வகுப்பு என்று ஒன்று இல்லை.

வெயிலும் கதவும்

நம் கோடை முகாம் கத்திரி வெயிலில் நடக்கிறது. தாகம் எடுப்பதைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு மணி அடித்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வலிப்புக்காக டோபிராமேட் சாப்பிடும் பிள்ளைகளுக்கு வியர்ப்பது குறையக்கூடும், உடம்பு எளிதில் சூடேறிவிடும். மைதானத்தில் ஆடவிடும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மையத்துக்கும் சொல்லுங்கள். மின்சாரம் போனால் மின்விசிறிக்கு மாற்று இருக்கிறதா?

வாசல் கதவின் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று நீங்களே கை வைத்துப் பாருங்கள். கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். திறந்த கிணறு, மூடியில்லாத சம்ப், நீச்சல் குளம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் மேல் ஈர்ப்பு அதிகம், நழுவி ஓடும் பிள்ளைகள் நீரில் மூழ்குவது உலகம் முழுக்க நடக்கும் துயரம். கழிவறைக்கு யார் அழைத்துப் போவார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தப்பாக ஏதாவது நடந்ததாகத் தோன்றினால் 1098க்கு அழையுங்கள். போக்சோ சட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் போல உங்கள் குழந்தைக்கும் உண்டு.

வகுப்பே கிடைக்காவிட்டால்

சிறு ஊர்களில் இதில் எதுவுமே இருக்காது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. விடுமுறைக்குப் பாட்டி வீட்டில் கூடும் அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் எந்த மையமும் காசு கொடுத்து வாங்க முடியாத குழு. அதில் ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வயது மூத்த, பொறுமையான ஒரு பெண்ணோ பையனோ இருப்பார்கள். தினமும் இருபது நிமிடம், இருவர் மட்டும், ஒரே விளையாட்டு.

தாயமும் பரமபதமும் முறை மாறுவதைக் கண்ணுக்குக் காட்டும் விளையாட்டுகள். கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் முறை. பல்லாங்குழியில் எண்ணுவது வராவிட்டாலும் பரவாயில்லை, குழிக்கு ஒரு சோழி போட்டுக்கொண்டு போவதே போதும். கை ஓயும்போது எதிரே இருப்பவர் தொடங்குகிறார். ஓடிப்பிடிக்கும் விளையாட்டுகளில் யார் யாரைப் பிடிக்கிறார் என்று புரியாமல் குழம்பும் பிள்ளைகள், இப்படி எதிரெதிரே உட்கார்ந்து ஆடும்போது தெளிவாக இருப்பார்கள். தோற்றால் அழுகிற பிள்ளைக்கு முதல் வாரம் வெற்றி தோல்வி இல்லாமலே ஆட்டத்தை நிறுத்திவிடலாம். பெரியவர்கள் சுற்றி நின்று கைதட்டக் கூடாது.

முதல் வாரமும் கடைசி நாளும்

சேர்ப்பது என்று முடிவானால், தொடங்குவதற்கு முன்பே பிள்ளையை வெறும் கட்டடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய் வாசல், அறை, கழிவறை, அக்கா எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வாருங்கள். 1991இல் அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே தொடங்கிய 'சோஷியல் ஸ்டோரி' முறையை ஒட்டி, அந்தப் படங்களோடு நாலைந்து எளிய வாக்கியம் சேர்த்து ஒரு சிறு கதை செய்யலாம். 'காலையில் ஆட்டோவில் போவோம். அங்கே மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். சத்தமாக இருந்தால் நான் மூலையில் உட்காரலாம். மதியம் அம்மா வருவாள்.' தினமும் படுக்கும் முன் படித்துக் காட்டுங்கள்.

முதல் சில நாள் அழுகை இருக்கும். அதைப் பார்த்து உடனே நிறுத்தவும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு தொடரவும் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே சரியான அடையாளம். தூக்கம் கெட்டு, கற்ற சொற்களும் போய், நின்றிருந்த படுக்கை நனைப்பு திரும்பி, இரண்டாம் வாரத்திலும் அது குறையவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். கட்டிய பணம் போகட்டும்.

வாரம் ஒருமுறை நீங்கள் எழுதிய அந்தத் தாளை எடுத்து நடத்துபவரிடம் காட்டிக் கேளுங்கள்: இந்த வாரம் எத்தனை தடவை கேட்டான், யாரிடம் கேட்டான், யாரும் தூண்டாமல் கேட்டானா? சனி ஞாயிறுகளில் அதையே வேறோர் இடத்தில், பூங்காவிலோ மளிகைக் கடையிலோ, செய்து பாருங்கள். முடிந்தால் வகுப்பில் ஒத்துப்போன ஒரு பிள்ளையின் பெற்றோரோடு போன் எண்ணைப் பரிமாறிக்கொண்டு வீட்டுக்கு அழையுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

கடைசி நாளில் சான்றிதழும் குழுப் புகைப்படமும் தருவார்கள். அவற்றோடு ஒரு பக்கக் குறிப்பும் எழுதித் தரச் சொல்லுங்கள்: பிள்ளை இப்போது எதைத் தானே செய்கிறான், எதற்குத் தூண்டல் வேண்டும், எந்தச் சொல் அல்லது சைகையால் தூண்ட வேண்டும், எது அவனைக் கலங்கவைக்கும், கலங்கினால் எது அடக்கும். ஜூனில் புது வகுப்பாசிரியரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். பள்ளி திறந்த முதல் நாள் வாசலில் கூட்டமாக இருக்கும், ஆசிரியருக்கு நின்று படிக்க நேரம் இருக்காது. மூன்றாம் நாள் மாலை, வகுப்பு விட்ட பிறகு போங்கள்.